4×2×2 தொட்டி, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை: அக்ரிலிக்கா, கண்ணாடியா?

வண்ணமீன்

வணக்கம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஏஞ்சல் மீன்களுக்கும் செடிகளுக்குமாக ஒரு தொட்டி வைக்க வேண்டும். வீடு சென்னையில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போர் தண்ணீர், உப்புப் படிவு அதிகம். கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் 12 மி.மீ. கண்ணாடியில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் 10 மி.மீ. அக்ரிலிக் போதும், எடை பாதியாகிவிடும், வீட்டுத் தளத்துக்கும் பாரம் குறையும் என்கிறார்கள். விலை கண்ணாடியைவிடப் பல மடங்கு. எடைக்காக அந்த விலை கொடுக்கலாமா? பராமரிப்பில் எது சுலபம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொட்டிக்காரன்

முதலில் எடைக் கணக்கைப் போட்டுவிடுவோம், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி 2.5 கிராம். அக்ரிலிக் 1.19 கிராம். தடிமன் ஒன்றாக இருந்தால் அக்ரிலிக் பாதி எடைதான், கடைக்காரர் சொன்னது அதுவரை சரி. உங்கள் தொட்டி 122×61×61 செ.மீ. அடி, முன், பின், இரண்டு பக்கம் என ஐந்து பீஸுக்கும் சேர்த்துப் பரப்பு 29,768 சதுர செ.மீ. இதைத் தடிமனால் பெருக்கி, அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கணக்கில் எடை வரும்.

12 மி.மீ. கண்ணாடி: 89 கிலோ. பக்கங்கள் வெளியே வளையாமல் பிடிக்க மேலே ஒட்டும் பிரேஸ் பட்டைகளோடு ஏறக்குறைய 97.

15 மி.மீ. அக்ரிலிக்: 53 கிலோ. மேல் பிரேஸோடு ஏறக்குறைய 60.

10 மி.மீ. கணக்கை நான் போடவில்லை. 2 அடி உயரத் தொட்டியை அந்தத் தடிமனில் செய்யக் கூடாது. காரணம் கீழே வேறு யாராவது எழுதுவார்கள்.

இப்போது தண்ணீர் ஊற்றுங்கள். 55 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, அடியில் 5 செ.மீ. கூழாங்கல் போட்டால் தண்ணீர் சுமார் 365 கிலோ, கல் சுமார் 52 கிலோ. இரும்பு ஸ்டாண்டு, பிளைவுட், ஃபில்டர் எல்லாம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்றால் மொத்தம் 564 கிலோ, அக்ரிலிக் என்றால் 527. வித்தியாசம் 37 கிலோ, நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை. தளத்தின் மேல் நிற்பது தண்ணீர்தான். அதன் எடையை எந்த ஷீட்டும் குறைக்காது.

ஆக, எடை உங்களுக்குப் பிரச்சினையாவது காலித் தொட்டியை மூன்று மாடி ஏற்றும் அந்த ஒரு நாள் மட்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சிவில்மணி

தளம் பற்றிய பகுதியை நான் எழுதுகிறேன்.

கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தின்படி வீட்டு அறைகளுக்கான பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் தொட்டி நிற்கும் இடம் 0.74 சதுர மீட்டர். அதில் 564 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 760 கிலோ. இதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 200 என்பது அறை முழுக்க ஒரே சமயத்தில் பரவி நிற்கும் சுமைக்கான கணக்கு. 10×10 அடி அறைக்கு அது 1,850 கிலோவுக்கு மேல். தொட்டியை எங்கே வைக்கிறீர்கள், அறையில் வேறு என்ன பாரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சுவரை ஒட்டி, அதிலும் அந்தச் சுவருக்கு அடியில் பீம் ஓடுகிறது என்றால், நீளப் பக்கம் சுவரோடு ஒட்டும்படி வையுங்கள். ஸ்லாபு வளைய முயல்வது நடுவில்தான். ஆதாரத்துக்கு அருகில் நிற்கும் பாரம் பெரும்பாலும் நேராக பீமுக்குள் இறங்கிவிடும். அறையின் நடுவில் தடுப்பு மாதிரி வைக்கவே கூடாது. பால்கனியும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள ஸ்லாபு அது. நிரந்தரமாக அரை டன் நிற்க அது தோதான இடம் இல்லை.

ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு புள்ளிகளில் டைல்ஸை அழுத்தும். ஒரு காலுக்கு 140 கிலோ. கீழேயும் சுற்றி ஃபிரேம் ஓடுகிற மாதிரி ஸ்டாண்டு அடியுங்கள், அல்லது கால்களுக்கு 10 செ.மீ. சதுரத் தகடு வெல்டிங் செய்து அடியில் ரப்பர் கொடுங்கள். டைல்ஸுக்கு அடியில் காரை சரியாகப் பரவாத இடத்தில் கால் வந்தால் அந்த டைல்ஸ் முதலில் விரியும், தொட்டி ஒரு மூலையில் இறங்கும்.

மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம், அல்லது சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தொட்டி ஆர்டர் கொடுக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் இந்தக் கம்பித் துரு சாதாரணமாகப் பார்க்கக் கூடியது, அலட்சியம் வேண்டாம்.

உப்புநீர்

10 மி.மீ. ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன்.

ஷீட்டைத் தீர்மானிப்பது அடர்த்தி இல்லை, விறைப்பு. கண்ணாடியின் விறைப்பு ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல், அக்ரிலிக்குக்கு 3 மட்டும். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு ஷீட் வளைவதை அதன் தடிமனின் மும்மடி தடுக்கும் என்பதால், 12 மி.மீ. கண்ணாடி எவ்வளவு வளையுமோ அவ்வளவே வளைய வேண்டும் என்றால் அக்ரிலிக் 34 மி.மீ. வேண்டும். அந்த 34 மி.மீ. தொட்டியின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும்!

நடைமுறையில் யாரும் 34 போடுவதில்லை. அக்ரிலிக் வளைந்தாலும் உடையாது, அதனால் கொஞ்சம் வளைய விட்டு, மேலே அகலமான பிரேஸ் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். அந்தச் சமாளிப்பிலிருந்துதான் "எடை குறைவு" வருகிறது. 2 அடி உயரத் தொட்டிக்கு, மேலே பிரேஸ் கொடுத்தாலும், 12 மி.மீ. குறைந்தபட்சம், 15 போட்டால் நிம்மதி, வளைவு கண்ணில் படவே கூடாது என்றால் 18 அல்லது 20.

55 செ.மீ. தண்ணீர் உங்கள் முன் ஷீட்டைத் தள்ளும் மொத்த விசை சுமார் 180 கிலோ. அது முக்கியமாக உயரத்தைப் பொறுத்தது, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது இல்லை. 10 மி.மீ. அக்ரிலிக்கில் இந்த விசை உட்கார்ந்தால் முதல் நாளே நடு வயிறு வெளியே வரும். முதல் நாள் அளவோடு நிற்காது என்பதுதான் மோசம். பாரம் தொடர்ந்து இருந்தால் அக்ரிலிக் மெதுவாக இழுபட்டுக்கொண்டே போகும், தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சும். வளைவு கூடக் கூட, அடி ஓரத்து ஒட்டுதான் பிரியப் பார்க்கும்.

பிரேஸ் பற்றி ஒன்று. அக்ரிலிக் தொட்டிக்கு மேல் பிரேஸ் என்பது நான்கு பட்டை ஒட்டுவது இல்லை. ஒரே ஷீட்டில் நடுவை வெட்டி எடுத்து, சுற்றி 10 செ.மீ. விட்டு, உள் மூலைகளை வளைவாக எடுக்க வேண்டும். மூலையைச் செங்கோணமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நான்கு அடிக்கு நடுவில் ஒரு குறுக்குப் பாலமும் வேண்டும். செடித் தொட்டிக்கு இதெல்லாம் இடைஞ்சல். கத்தரிக்கோலோடு கையை விட்டு மூலையில் உள்ள செடியை வெட்டும்போது தெரியும்.

வண்ணமீன்

நன்றி உப்புநீர் அக்கா. அப்படியானால் பெரிய மீன் காட்சியகங்களில் எல்லாம் ஏன் அக்ரிலிக்கையே போடுகிறார்கள்? விறைப்பு குறைவு என்றால் அங்கே இன்னும் பிரச்சினையாக இருக்காதா?

உப்புநீர்

அங்கே தடிமனுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில், 2002இல் திறந்தது, முக்கியத் தொட்டியின் முகப்பு 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 செ.மீ. தடிமன். பல அக்ரிலிக் ஷீட்களை அடுக்கி ஒட்டி ஒரே கட்டியாக்கியது. கண்ணாடியில் அந்தத் தடிமனுக்குப் போனால் இரும்பின் பச்சை நிறம் ஏறி மீனே தெரியாது. அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் நிறம் ஏறாது. ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடிக்கு 1.52 என்றால் அக்ரிலிக்குக்கு 1.49, தண்ணீரின் 1.33க்குக் கொஞ்சம் நெருக்கம். குகைப்பாதை மாதிரி வளைக்கவும் முடியும்.

அங்கேயும் கவனம் தவறினால் ஆபத்துதான். பெர்லினில் இருந்த ஆக்வாடோம் என்ற உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்தது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை நிபுணர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்கள் பரிசீலித்தவற்றில் இரண்டு நம்மையும் தொடும்: ஒட்டு விட்டுப்போனது, புதுப்பிப்புக்காகக் காலியாக இருந்தபோது அக்ரிலிக் உலர்ந்தது. பழைய அக்ரிலிக் தொட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீரிலேயே இருந்து ஊறிய ஷீட்டை மாதக்கணக்கில் வெயில் படும் மாடியில் காயப் போட்டு, பிறகு ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள்.

ஷீட்கடை

பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக் தொட்டி செய்யச் சொல்வதற்கு முன் நான்கைந்து விஷயம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். பலகை எழுத்து ஒட்டுவதும், 180 கிலோ விசையைத் தாங்கும் ஒட்டு போடுவதும் வேறு வேறு வேலை.

ஷீட் "காஸ்ட்" (அச்சில் ஊற்றி உறைய வைத்தது) வகையா, "எக்ஸ்ட்ரூடட்" (உருக்கிப் பிதுக்கி எடுத்தது) வகையா? தொட்டிக்குக் காஸ்ட் மட்டும்தான். மற்றது விலை குறைவு, வெட்டும்போது சூட்டில் இளகும், ஒட்டுவதற்கு விடும் கரைப்பான் பட்டதும் சன்னமான கீறல் வலை மாதிரி விரிசல் விடும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளில் வகை அச்சிடப்பட்டிருக்கும், தாளை உரிக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

ஓரத்தை எப்படி எடுக்கிறார்கள்? ரம்பத்தில் வெட்டியதை அப்படியே ஒட்டினால் இடைவெளியில் காற்று நிற்கும். ரூட்டர் பிட் போட்டு நேராக்கிய ஓரம் வேண்டும். சிலர் பளபளப்புக்காக ஓரத்தில் நெருப்பைக் காட்டுவார்கள். ஒட்டப் போகும் ஓரத்தில் அதைச் செய்யவே கூடாது. சூட்டில் உள்ளுக்குள் இறுக்கம் ஏறிவிடும், பிறகு கரைப்பான் தொட்டதும் அங்கேயே விரியும்.

எதை வைத்து ஒட்டுகிறார்கள்? நம் ஊர்க் கடைகளில் குளோரோஃபார்ம் அல்லது மெத்திலீன் குளோரைடை ஊசியில் எடுத்து ஓரத்தில் விடுவார்கள். மெல்லிய டப்பாவுக்கு அது போதும். தொட்டிக்குச் செய்யும் முறை இது: ஷீட் இரண்டுக்கும் நடுவில் 0.2, 0.3 மி.மீ. கம்பித் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, அந்தச் சந்தில் கரைப்பானை ஓட விட்டு, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஷீட் இளக விட வேண்டும். பிறகு கம்பிகளை உருவினால் மேல் ஷீட் தன் எடையிலேயே கீழே அமரும். ஒட்டு கண்ணாடி போலத் தெளிந்து, குமிழ் இல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடம் ஒட்டவில்லை என்று அர்த்தம். 15 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு பாகம் கலந்து ஊற்றும் அக்ரிலிக் பசைதான் நம்பகம். ஓரத்தில் 2 மி.மீ. இடைவெளி விட்டு டேப் அணை கட்டி ஊற்றுவார்கள்.

வீட்டிலேயே செய்ய நினைக்கிறவர்களுக்கு: அந்தக் கரைப்பான்களின் ஆவி மூடிய அறையில் ஆபத்து. சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையையும் அது ஊடுருவிவிடும்.

சிலிகான் வைத்து அக்ரிலிக் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சிலிகான் அக்ரிலிக்கில் நிரந்தரமாகப் பிடிக்காது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நாடா மாதிரி முழுசாக உரிந்து வரும்.

பாசிப்பச்சை

எல்லோரும் எடையையே பேசுகிறீர்கள். தினசரி வேலையைப் பாருங்கள். கேட்டவர் போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார், எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதும்.

போர் தண்ணீரில் தண்ணீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறும். ஆவியாகி ஒரு இன்ச் இறங்கி, மறுபடி ஊற்றி, மறுபடி இறங்கி, இரண்டு மாதத்தில் விரல் நகத்தில் சுரண்டினால் பொருக்காக வரும் அளவுக்குத் தடித்துவிடும். கண்ணாடியில் இதற்கு ஒரு பிளேடு போதும். ஈரப்படுத்தி, பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. அக்ரிலிக்கில் இரும்பு பிளேடு பட்டால் கோடு விழும். அங்கே தண்ணீரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கி, வினிகரில் நனைத்த மெல்லிய துணியை அரை மணி நேரம் படிவின் மேல் ஒட்டி வைத்து, இளகியதும் பிளாஸ்டிக் கார்டால் தள்ளி, துடைக்க வேண்டும். மாதாமாதம் செய்தால் போகும். ஒரு வருடம் விட்டால் படிவின் கூர்முனையே துணியில் மாட்டிக்கொண்டு அக்ரிலிக்கைக் கீறும்.

பாசிக்கும் அதே கதை. பச்சைப் புள்ளிப் பாசி கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும், அதைப் பஞ்சால் தேய்த்து எடுப்பது சிரமம், பிளேடு வேண்டும். செடித் தொட்டி என்றால் வெளிச்சம் கூடுதல், இந்தப் பாசி வராமல் இருக்காது.

காந்தத் துடைப்பான் வாங்கினால் அக்ரிலிக்குக்கு என்றே எழுதியதாக இருக்க வேண்டும். அதிலும் மணல் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள். ஒரு மணல் துகள் துடைப்பானுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் சிக்கினால் முன்பக்கம் முழுக்க வில் மாதிரி கோடு. குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையும் கீறும், ஆனால் அங்கே அழுத்தித் தேய்த்தால்தான் விழும். அக்ரிலிக்கில் தடவினாலே விழுந்துவிடும்.

வெளிப்பக்கம் துடைக்கவும் தனிக் கவனம் வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீல நிற ஸ்ப்ரே, சானிட்டைசர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அக்ரிலிக் பக்கம் வரக் கூடாது. ஆல்கஹாலும் அம்மோனியாவும் பட்டால், அதுவும் ஏற்கெனவே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும் ஷீட்டில், நுணுக்கமான விரிசல் வலை பரவும். வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். நனைத்த மைக்ரோஃபைபர் துணி மட்டும் போதும்.

உப்புநீர்

பாசிப்பச்சை சொன்னது அத்தனையும் சரி, ஆனால் மறுபக்கமும் எழுத வேண்டும். அக்ரிலிக்கில் விழுந்த கோட்டை எடுக்கலாம். 600 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஆரம்பித்து 800, 1000, 1500, 2000 என்று ஏறி, ஒவ்வொரு தடவையும் முந்தைய தேய்ப்புக்குக் குறுக்காகத் தேய்த்து, கடைசியில் அக்ரிலிக் பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும். பாலிஷ் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே என்றால் இதற்கென்றே விற்கும் மெல்லிய மைக்ரோமெஷ் தாள்களால் தண்ணீர் இருக்கும்போதே செய்யலாம். உள் கீறல்கள் தண்ணீர் நிரம்பியதும் பாதி மறைந்தும்விடும். கண்ணாடியில் விழுந்த ஆழமான கீறலை வீட்டில் எடுக்க வழியே இல்லை.

கடல் தொட்டிக்காரர்களுக்கு அக்ரிலிக்கில் இன்னொரு லாபம் சூடு. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடும் தொட்டியில், 12 மி.மீ. அளவில், சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் கண்ணாடியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறையும். கடத்தும் திறனை மட்டும் பார்த்தால் ஐந்து மடங்கு வித்தியாசம், ஆனால் ஷீட்டுக்கு வெளியே ஒட்டி நிற்கும் காற்றுப் படலமே பெரிய தடை என்பதால் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். சென்னை மே மாதத்தில் அதுவும் உதவும். சில்லர் இல்லாத ஏஞ்சல் தொட்டிக்கு இது கணக்கிலேயே வராது.

ஓட்டை போடுவதும் அக்ரிலிக்கில் சுலபம், மரத்துக்குப் போடும் ஹோல்சாவை (வட்டமாக வெட்டும் ரம்பம்) மெதுவாக ஓட்டினால் போதும். கண்ணாடிக்கு வைர பிட், தொடர்ந்து தண்ணீர், பின்பக்கம் டேப், கையில் பொறுமை. ஓட்டை ஓரத்திலிருந்து குறைந்தது அதன் விட்டத்தின் அளவு தள்ளி இருக்க வேண்டும். டஃபண்ட் (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் ஓட்டையே போட முடியாது, பிட் பட்டதும் முழுதும் பொடியாகும்.

தொட்டிக்காரன்

இப்போது மாடி ஏற்றும் விஷயம்.

97 கிலோ தொட்டியை நான்கு பேர் தூக்க வேண்டும், நான்கு அடிப் பெட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்ப வேண்டும். திருப்பத்தில் ஒரு மூலை சுவரில் மோதினால் 12 மி.மீ. ஆனாலும் சில்லு தெறிக்கும். வழி என்னவென்றால், வீட்டிலேயே ஒட்டுவது. முன் கண்ணாடி ஒன்று 22 கிலோ, அடிக் கண்ணாடியும் அதே அளவு, பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றும் 11. இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம். கொளத்தூர்க் கடைகளில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள். இதற்குத் தனிக் கூலி உண்டு, ஆனால் அக்ரிலிக்குக்குக் கொடுக்கும் விலையில் அது ஒரு சிறு பங்கு.

ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஓரங்கள் கிரைண்டிங் செய்து, கைக்குக் கூர் தட்டாமல் இருக்க வேண்டும். ஒட்டும் ஓரத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்தில் சிலிகான் பிடிக்காது. சிலிகான் வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் வகையாக, மேலே மீன்தொட்டி என்று எழுதியதாக இருக்கட்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானில் கலந்திருப்பது மீனுக்கு விஷம். பாட்டில் வடிவம் ஒன்றே என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் 1 முதல் 2 மி.மீ. சிலிகான் நிற்க வேண்டும். டேப் போட்டு இறுக்கி மொத்தச் சிலிகானையும் பிதுக்கிவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒட்டு அழகாகத் தெரியும், ஆனால் இழுவையைத் தாங்க அங்கே சதையே இருக்காது. வெளியிலிருந்து ஒட்டைப் பாருங்கள்: கறுப்புச் சிலிகான் என்றால் ஒரே சீராகக் கறுப்பாகவும், நிறமில்லாத சிலிகான் என்றால் ஒரே சீராகத் தெளிவாகவும் இருக்க வேண்டும். நடுவில் வெள்ளி மாதிரி மின்னும் திட்டுகள் காற்றுக் குமிழ்கள். முழு அகலத்துக்கும் ஒரு குமிழ் ஓடினால் அந்த ஓரத்தை அறுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மேலே பூசி மெழுகினால் ஆகாது, காய்ந்த சிலிகான் மேல் புதுச் சிலிகான் ஒட்டாது.

12 மி.மீ. ஓரத்தில் உள்ளே வரை இறுக ஏழு நாள் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

முகப்புக்கு மட்டும் எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி போட்டால் பச்சை நிறம் போய்விடும். மற்ற மூன்று பக்கமும் சாதாரணக் கண்ணாடியே போதும். மொத்தத்தையும் எக்ஸ்ட்ரா கிளியரில் செய்வது வீண் செலவு என்பது என் கருத்து.

நீலக்கெண்டை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தொட்டி கண்ணாடி, கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) மட்டும் அக்ரிலிக் என்று கலந்து செய்யலாமா? அல்லது கண்ணாடிச் சம்பில் தடுப்புகளை அக்ரிலிக்கில் வைக்கலாமா? 4 மி.மீ. துண்டுகள் சும்மா கிடக்கின்றன.

ஷீட்கடை

முழுச் சம்பும் அக்ரிலிக் என்றால் தாராளமாக. சம்பின் உயரம் குறைவு, 8 அல்லது 10 மி.மீ. போதும், குழாய்க்கு எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம், கீறல் விழுந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

கண்ணாடிக்குள் அக்ரிலிக் தடுப்பு வேண்டாம். சூடு 10 டிகிரி மாறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 0.7 மி.மீ. நீளும், கண்ணாடி 0.1கூட நீளாது. போதாததற்குத் தண்ணீரை உறிஞ்சியும் உப்பும். இறுக்கமாக வெட்டி வைத்த தடுப்பு பக்கக் கண்ணாடியைத் தள்ளி ஒட்டைப் பிளக்கும், தளர்வாக வைத்தால் சிலிகான் உரிந்து தடுப்பு சாயும். அந்தத் துண்டுகளை மூடியாகவும் போடாதீர்கள். அடிப்பக்கம் ஈரத்தில் உப்பி, மேல்பக்கம் காய்ந்து, ஒரே வாரத்தில் ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். 5 மி.மீ. கண்ணாடி மூடி, அல்லது இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் நல்லது. உங்கள் 4 மி.மீ. துண்டுகளில் குஞ்சுகளைப் பிரித்து வைக்கும் தொங்கு டப்பா அருமையாக வரும்.

நீலக்கெண்டை

சரி அண்ணா, டப்பாவே செய்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறையில் வைக்க 2 அடித் தொட்டி என்றால் உங்கள் பதில் மாறுமா?

ஷீட்கடை

மாறும். பந்து பட்டு உடையக் கூடிய இடம், அடிக்கடி இடம் மாற்றும் கண்காட்சி, வளைவான முகப்பு, இவற்றுக்கு அக்ரிலிக்தான். 2×1×1 அடித் தொட்டிக்கு, மேலே பிரேஸ் கொடுத்தால், 8 மி.மீ. போதும்.

வண்ணமீன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கண்ணாடி, வீட்டிலேயே ஒட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். பீம் மேல் வரும் கிழக்குச் சுவரை ஒட்டி வைக்கிறேன். கடைசியாக இரண்டு கேள்வி: அடியில் தெர்மாகோல் அவசியமா? ஒட்டி முடித்து ஏழு நாள் கழித்து நேராக நிரப்பிவிடலாமா?

தொட்டிக்காரன்

தெர்மாகோல் போடுங்கள். பிளைவுட்டில் இருக்கும் சிறு மேடுபள்ளத்தை, ஒரு ஆணித் தலையை, ஒரு மணல் துகளைக்கூட அது விழுங்கிக்கொள்ளும். அடிக் கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படி ஒரு புள்ளியில்தான். 10 அல்லது 12 மி.மீ., அடர்த்தியானது, தொட்டி அளவுக்கே ஒரே துண்டாக. கீழே 18 மி.மீ. மரைன் பிளைவுட். அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் சுற்றிய கம்பெனித் தொட்டி என்றால் மட்டும் தெர்மாகோல் கூடாது. அங்கே அடிக் கண்ணாடி தொங்கலாக நிற்கும்படி செய்தது, கீழிருந்து தள்ளினால் விரியும். தெர்மாகோல் கோணலைச் சரிசெய்யாது என்பதையும் கவனியுங்கள். ஸ்டாண்டு மட்டத்தை முதலில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, காலுக்கு அடியில்தான் ஷிம் (மட்டம் சரிசெய்யும் மெல்லிய துண்டு) கொடுக்க வேண்டும், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் இல்லை. ஒட்டுவதையே அந்த ஸ்டாண்டின் மேல், அந்த இடத்திலேயே செய்யச் சொல்லுங்கள், பிறகு நகர்த்த வேண்டியதில்லை.

நிரப்புவது மூன்று தவணையில். கல், செடி எதுவும் போடாமல் வெறும் தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி ஒரு நாள், மூன்றில் இரண்டு ஊற்றி ஒரு நாள், முழுதும் ஊற்றி இரண்டு நாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர்மட்டத்துக்கும் மேல் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை நான்கு மூலையிலும் அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். தவணைக்குத் தவணை ஒரு மூலையில் மட்டும் தூரம் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கால் இறங்குகிறது. தண்ணீரை எடுத்துவிட்டுத்தான் ஷிம் போட வேண்டும், நிறைந்த தொட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். அடி ஓரம் முழுக்க உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு அதில் ஈரமாகத் தெரிந்துவிடும்.

சிவில்மணி

இதோடு ஒன்று. அந்த நான்கு நாளும் கீழ் வீட்டுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள், மோட்டார் ஸ்விட்ச் போர்டு தொட்டிக்கு நேர் பின்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர்கள் பிளக்குக்குப் போவதற்கு முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும், ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்தே கீழே சொட்டிவிடும்.